கட்டம் இல்லாத ஜெபம்

பதினான்காம் நாள். சனிக்கிழமை. காலை 6:21.

முதல் சத்தம் தூரத்தில். இரும்பு பீரோவை இழுத்துச் சாத்தியதுபோல். இரண்டாவது அருகில். ஜன்னல் சட்டம் துடிக்கிறது. மூன்றாவதை எண்ணவில்லை. ஓடுகிறேன்.

படிக்கட்டு. எல்லோரும் இறங்குகிறார்கள். நோயாளிகள். நர்சுகள். சலைன் பாட்டிலைத் தானே தூக்கிப் பிடித்தபடி ஒரு கர்ப்பிணி. கீழிருந்து மருத்துவர் ஒருவர் கத்துகிறார். "கீழே! அடித்தளத்துக்கு! கீழே!"

ஒருத்தி மட்டும் ஏறுகிறாள். சுவரோடு ஒட்டி, இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டு ஏறுகிறாள். பெனிட்டா. கையில் போன்.

"ஏட்டி! எங்க போற? கீழ வா!"

"ஒரே நிமிசம்ட்டி. டிக் போட்டுட்டு வந்துருதேன். ஆறரைக்குள்ள போடணும்லா."

6:22. அவள் முகத்தைக் கடைசியாகப் பார்த்த நேரம்.

6:24. கட்டிடம் ஒருமுறை குனிந்து நிமிர்ந்தது. அதன்பிறகு சிறிது நேரம் என் காதில் எந்தச் சத்தமும் இல்லை.

நான் மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்க்கும் டெக்னீசியன். பாளையங்கோட்டையில் படித்தேன். வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் இரண்டு வருட ஒப்பந்தம். நாட்டின் பெயரை எழுதவில்லை. எங்களோடு வேலை பார்த்த இருவர் இன்னும் அங்கே இருக்கிறார்கள். பெனிட்டா அதே மருத்துவமனையில் நர்ஸ். இருவருக்கும் ஊர் ஒன்று. ஸ்ரீவைகுண்டத்துக்கும் ஏரலுக்கும் இடையில், ஆற்றை ஒட்டியது. கோயிலும் ஒன்று. எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்களும் கோயில் என்றுதான் சொல்வோம். பாதிரியாரை ஐயர் என்போம்.

நான் திரும்பி வந்ததும் ஐயர் என்னைத் தேடி வந்தார். கோயிலின் பிரதிஷ்டைப் பண்டிகை அன்று சாட்சி சொல்ல வேண்டும் என்றார். எங்கள் சபையில் சாட்சி என்றால் தேவன் செய்த நன்மையை எல்லோர் முன்பும் எழுந்து நின்று சொல்வது. ஐந்து நிமிடம். அதன்பின் அசனம், ஊர் முழுக்க உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. சாட்சி நீண்டால் சோறு ஆறும். அதனால்தான் ஐந்து நிமிடம்.

சொல்ல வேண்டியது இதுதான். முதலில் அட்டவணையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

சபையில் பெண்களுக்கு அருகாமைக் குழு என்று ஒன்று இருக்கிறது. தேவனோடு நெருங்கி வாழ்வதற்காக. உறுப்பினர்கள் நாற்பத்து மூன்று பேர். தலைவி ஜாஸ்மின் அக்கா, பள்ளி ஆசிரியை. வருகைப் பதிவேட்டில் இருபது வருட அனுபவம். பரலோகத்துக்கும் ஒரு பதிவேடு தேவை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

நாளுக்கு நான்கு கட்டம். வாசிப்பு. ஜெபம். துதி. கேட்டல். ஒவ்வொன்றுக்கும் நிமிடக் கணக்கு உண்டு. கேட்டல் என்றால் தேவன் பேசுவதைக் காத்திருந்து கேட்பது. அதற்கு ஐந்து நிமிடம். தேவன் அதற்குள் பேசி முடித்துவிட வேண்டும். காலை ஒன்பது மணிக்குள் நான்கு டிக்கையும் குழுவுக்கு அனுப்பினால் அன்றைய நாள் பச்சை. தொடர்ந்து மூன்று நாள் வெறுமையாக இருந்தால், நான்காம் நாள் ஒன்பது மணிக்குப் பெயர் சிவப்பு. சிவப்புப் பெயர்கள் சனிக்கிழமை மாலைக் கூட்டத்தில் வாசிக்கப்படும். பின்வாங்கிப் போனவர்களுக்காகப் பாரத்தோடு ஜெபிப்பதற்கு என்பார்கள். வாசிக்கும்போது மற்றவர்கள் கண்ணை மூடியிருப்பார்கள். காது திறந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தப் பெயர் ஆற்றுக்கு அந்தப்பக்கமும் தெரிந்திருக்கும்.

பஸ்ஸில் நின்றபடி டிக் போட்டவர்களை எனக்குத் தெரியும். இட்லி வேகும் நேரத்தில் நான்கையும் முடித்தவர்களைத் தெரியும். நான் முழங்காலில் ஒருமுறையும் பார்த்திராத ஒருத்தி அந்த வருடத்தின் முதல் பரிசு வாங்கினாள். ஒரு ஹாட்பாக்ஸ்.

அட்டவணையைக் கம்ப்யூட்டரில் உருவாக்கிக் கொடுத்தது நான். தானாகச் சிவப்பாக மாறும் சூத்திரத்தை எழுதியதும் நான். அன்று குழுவில் கைதட்டினார்கள். எனக்குப் பிடித்திருந்தது. இதையும் எழுதிவைக்கிறேன்.

முதல் நாள். சண்டை நகரத்தின் மறுகோடியில். யாரும் நம்பவில்லை. சாயங்காலம் கேன்டீனில் தேநீர் கிடைத்தது.

மூன்றாம் நாள். மேல் மாடி நோயாளிகளைக் கீழே இறக்கினோம். லிஃப்ட் நின்றது. மொத்தம் எழுபத்தொரு படி.

ஆறாம் நாள். சத்தங்களைப் பிரிக்கக் கற்றுக்கொண்டேன். விசில்போல் வந்தால் நம் தலைக்குமேல் தாண்டிப் போகிறது. துணி கிழிவதுபோல் வந்தால் அருகில் விழும். சத்தமே இல்லாமல் காற்று மட்டும் நகர்ந்தால் குப்புறப் படு.

ஊரிலிருந்து செய்திகள் வந்துகொண்டிருந்தன. "உங்களுக்காக யுத்த ஜெபம் செய்கிறோம்." கூடவே வாள் படங்கள், கேடயப் படங்கள். யுத்தம் என்ற சொல் அந்தக் குழுவில் பல வருடமாகவே புழக்கத்தில் இருந்தது. தண்ணீர் மோட்டார் ஓடாவிட்டால் யுத்தம். மருமகள் பதில் பேசினால் யுத்தம். அந்த வாரம் ஒருத்தி எழுதியிருந்தாள், கேஸ் சிலிண்டர் வர நான்கு நாள் தாமதமாம், சத்துரு கடுமையாகப் போராடுகிறானாம். நான் அதை அடித்தளத்தில் உட்கார்ந்து படித்தேன். பக்கத்தில் கால் இல்லாத ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

என் பெயர் இரண்டாம் வாரத் தொடக்கத்திலேயே சிவப்பு. எனக்கு அது வலிக்கவில்லை. கூட்டத்தில் உட்கார்ந்து கேட்க என் வீட்டார் யாரும் ஊரில் இல்லை. பெனிட்டாவுக்கு அம்மா இருக்கிறார். தங்கபுஷ்பம் சித்தி. வாழைத்தோட்டத்தில் இலை அறுக்கும் வேலை. சனிக்கிழமைக் கூட்டத்துக்கு முதல் ஆளாகப் போய் முன்வரிசையில் உட்காருவார். மகள் பெயர் முந்நூற்றுப் பன்னிரண்டு நாள் பச்சை. அது ஒன்றுதான் அந்தக் கூட்டத்தில் அவருக்கு இருந்த சொத்து.

பதினோராம் நாள் டவர் விழுந்தது. அதன்பின் சிக்னல் மொட்டைமாடியில் மட்டும். வடமேற்கு மூலை, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கம். பதினொன்று வெறுமை. பன்னிரண்டு வெறுமை.

பதின்மூன்றாம் நாள். காலை 10:30. ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்தது. வென்டிலேட்டர்கள் பேட்டரியில் கொஞ்ச நேரம் ஓடின. பிறகு ஒவ்வொன்றாக அலறி நின்றன. என் பொறுப்பில் இருந்தவை. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆம்பு பைகளை எடுத்துக் கொடுத்தேன். கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ரப்பர் பை. ஐந்து விநாடிக்கு ஒருமுறை அமுக்க வேண்டும். நிறுத்தினால் ஆள் போய்விடுவார்.

எங்களுக்கு ஒரு கிழவர். சிமென்ட் மூட்டை சுமப்பவர் என்றார்கள். பெயர் தெரியாது. பெனிட்டாவும் நானும் மாற்றி மாற்றி அமுக்கினோம். மாலை 7:30 வரை. ஒன்பது மணி நேரம். நிமிடத்துக்குப் பன்னிரண்டு. ஆறாயிரத்து நானூற்று எண்பது மூச்சு. பாதிக்கும் மேல் அவள் கை.

அமுக்கும்போது அவள் உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன். அமுக்கும்போது "தாரும்." விடும்போது "ஸ்தோத்திரம்." அவ்வளவுதான். மேலே குண்டு விழுகிறது, சுவர் சுண்ணாம்பு உதிர்ந்து கிழவர் நெற்றியில் விழுகிறது. தாரும். ஸ்தோத்திரம். விரல்கள் மரத்துப்போய் மணிக்கட்டால் அமுக்குகிறாள். தாரும். ஸ்தோத்திரம். அவள் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். அந்த ஆள் மிகப் பக்கத்தில் இருந்தார். சத்தம் போட்டுக் கூப்பிட வேண்டிய தூரத்தில் இல்லை. ஊரில் ஒலிபெருக்கி வைத்துக் கூப்பிடுகிறவர்களை நினைத்துக்கொண்டேன்.

மதியம் ஒரு மணிக்குத் தொட்டியில் தண்ணீர் அளவு பார்க்க மேலே போனேன். இருவர் போனும் என் பையில் இருந்தன. சிக்னல் பிடித்தது. அறுபத்தொரு செய்திகள். அதில் ஒன்று ஜாஸ்மின் அக்காவின் குரல், பெனிட்டாவுக்கு.

"பெனிட்டா, ரெண்டு நாள் கட்டம் வெறுமையா கிடந்துது. இன்னைக்கும் காணும். நாளைக்கு சனிக்கெழம. ஒம்பதுக்குள்ள வரலன்னா பேர வாசிக்கணும் பாத்துக்க. அம்மாவும் முன்னாலதான் உக்காந்திருப்பாவ. யுத்தம் நடக்குன்னு சாக்கு சொல்லப்பிடாது மக்ளே. யுத்தத்துலதான் விசுவாசம் தெரியும்."

பின்னணியில் குக்கர் விசில். மூன்று.

அவள் போன் என் கையில். சிக்னல் இருக்கிறது. மறுநாளுக்கு என்று நான்கு டிக் போட்டு அனுப்பியிருந்தால் முடிந்திருக்கும். செய்யவில்லை. நடக்காத பராமரிப்புக்குப் பதிவேட்டில் டிக் போடக்கூடாது என்பது என் தொழிலின் முதல் பாடம். அதை அங்கேயும் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே இறங்கி அந்தக் குரலை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். அமுக்கியபடியே கேட்டாள்.

மாலை 7:30க்கு டீசல் வந்தது. கிழவரை மீண்டும் எந்திரத்தில் போட்டோம். பெனிட்டா தரையில் உட்கார்ந்து கையை உதறினாள்.

"ஏட்டி, இன்னைக்குப் பண்ணினது ஜெபத்துல சேருமா?"

எனக்குக் களைப்பு. நான் சொன்னேன்.

"அதுக்குக் கட்டம் இல்லட்டி."

"ஆமால்லா." சிரித்தாள். "அப்ப காலையில ஒழுங்கா உக்காந்து பண்ணிட்டுப் போடுதேன். எங்கம்ம பாவம்ட்டி, தலகுனிஞ்சு உக்காந்திருப்பா."

பதினான்காம் நாள். 5:40. காலியான ஆக்சிஜன் சிலிண்டர்மேல் உட்கார்ந்தாள். போனில் நேரம் வைத்தாள். கண்ணை மூடினாள். தூங்கி விழுந்தாள். விழித்தாள். நேரத்தை முதலிலிருந்து வைத்தாள். மறுபடியும் தூங்கி விழுந்தாள். மறுபடியும் முதலிலிருந்து. அவள் கணக்கில் ஏமாற்றத் தெரியாதவள். நாற்பத்து மூன்று பேரில் அப்படி ஒருத்திதான் இருந்தாள். 6:20க்கு முடித்தாள். இந்தியாவில் 8:50. பத்து நிமிடம் இருந்தது.

மீதியை முதலிலேயே எழுதிவிட்டேன்.

போன் கிடைத்தது. திரை உடைந்திருந்தது, ஆனாலும் வெளிச்சம் இருந்தது. நான்கு டிக் தட்டச்சு செய்யப்பட்டிருந்தன. பக்கத்தில் சின்னக் கடிகாரக் குறி. செய்தி போகவில்லை.

இந்திய நேரம் ஒன்பது மணிக்கு, நான் எழுதிய சூத்திரம் தன் வேலையைச் செய்தது. அவள் பெயர் சிவப்பானது. அப்போது அவள் இறந்து ஆறு நிமிடம். மாலை நான்கு மணிக் கூட்டத்தில் ஜாஸ்மின் அக்கா வாசித்தார். பின்வாங்கிப் போனவர்கள், மூன்று பேர். மூன்றாவது பெயர் பெனிட்டா. தங்கபுஷ்பம் சித்தி முன்வரிசையில் இருந்தார்.

திங்கட்கிழமை செய்தி ஊருக்குப் போனது. செவ்வாய்க்கிழமை அட்டவணையில் அவள் வரிசை முழுக்கப் பச்சை. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. யாரோ கையால் மாற்றியிருந்தார்கள். இறந்ததற்குப் பிறகான நாட்களும் பச்சை. மகிமையில் இருக்கிறவளுக்கு எப்படிச் சிவப்புப் போடுவது?

நான் ஊர் வந்து சேரும்போது கோயில் வாசலில் அவள் படம். ஆள் உயர பேனர். மேலறையில் முழங்காலில் நின்று ஜெபிக்கும்போது தேவன் எடுத்துக்கொண்டார் என்று அச்சடித்திருந்தார்கள். முழங்கால். மேலறை. தண்ணீர்த் தொட்டிக்கு அது புதிய பெயர்.

ஜாஸ்மின் அக்கா என் சாட்சிக்குக் குறிப்பு எழுதிக்கொண்டு வந்தார். ஒன்று, பயம். இரண்டு, ஜெபம். மூன்று, அற்புதம்.

"மேலறையில அவ முழங்கால்ல நின்னத நீ கண்ணால பாத்தேன்னு சொல்லு. பிள்ளைங்க மனசு தொடப்படும்."

"அக்கா, அவ ஜெபிக்கப் போகல. டிக் போடப் போனா. ஒங்களுக்கு."

"எனக்கா? ஆண்டவருக்குட்டி."

"ஆண்டவரு எந்த குரூப்ல இருக்காரு? எனக்குத் தெரிய இல்ல."

"நாக்கு நீளுது ஒனக்கு. ஃபாரின் போயிட்டு வந்தா இப்பிடித்தான்." காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "அட்டவணைய செஞ்சு தந்தது ஆரு? நானா? சிவப்பு ஆகுத மாதிரி வச்சது ஆரு?"

அவரை நான் வெறுக்கிறேன். அந்தக் கேள்வி சரியான கேள்வி. இரண்டும் உண்மை.

பண்டிகைக்கு முந்தின நாள் காலை தங்கபுஷ்பம் சித்தி வீட்டுக்குப் போனேன். வாசலில் இலைக்கட்டு. கிழிந்ததைத் தனியே, முழு இலையைத் தனியே அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றது. அழவில்லை.

"வா மக்ளே. உக்காரு." இலைக்கட்டை நகர்த்தி இடம்விட்டார். "ஒண்ணே ஒண்ணு கேக்கேன். ஒளிக்காம சொல்லு. சனிக்கெழம எம்மவ பின்வாங்கிட்டான்னு வாசிச்சாவ. செவ்வாக்கெழம பரிசுத்தவாட்டின்னு சொல்லுதாவ. எதுட்டி நெசம்?"

"ரெண்டும் இல்ல சித்தி."

சொன்னேன். டீசல். கிழவர். ஒன்பது மணி நேரம். தாரும், ஸ்தோத்திரம். மொட்டைமாடியில் நான் போடாத டிக். குக்கர் விசிலோடு வந்த குரல். நான் சொன்ன அந்த ஒரு வாக்கியம். எதையும் விடவில்லை.

"கட்டம் இல்லன்னா சொன்ன?"

"ஆமா சித்தி."

"சொல்லியிருக்க வேண்டாம்ட்டி."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"எப்பிடி அமுக்குனா?"

காட்டினேன். அவர் வலது கையை நீட்டினார். இலை அறுத்துக் கறைபிடித்த கை. மூடினார். திறந்தார். தாரும். ஸ்தோத்திரம். நான் வேகத்தைத் திருத்தினேன், இன்னும் பைய, ஐந்து விநாடி. அப்படியே செய்தார். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. நேரம் பார்க்காமல் விட்டது அந்த வருடத்தில் அதுதான் முதல் தடவை.

"அந்தக் கெழவன் பொழச்சானா?"

"நா கெளம்பும்போது சொந்தமா மூச்சு விட்டாரு சித்தி."

"அப்ப சரி." இலையை எடுத்தார். "நாளைக்குக் கோயில்ல இத அப்பிடியே சொல்லு. எம்மவ பேர இன்னொரு தடவ வாசி."

வாசித்தேன். பண்டிகை நாள், ஆராதனை முடிவில், ஒலிபெருக்கியில். பயம், ஜெபம், அற்புதம் என்ற தாளை மடித்து வைத்துவிட்டேன். பெனிட்டா பதின்மூன்றாம் நாள் ஒன்பது மணி நேரம் தேவனோடு இருந்தாள், அதை நம் அட்டவணை வெறுமை என்று எழுதியது என்றேன். பதினான்காம் நாள் நமக்குப் பயந்து மாடி ஏறினாள், அதை ஜெபம் என்று பேனர் அடித்திருக்கிறோம் என்றேன். சூத்திரம் என்னுடையது என்றும் சொன்னேன். மூன்றாவது நிமிடத்தில் ஜாஸ்மின் அக்கா எழுந்து ஒரு பாட்டை ஆரம்பித்தார். நான்கு பேர் சேர்ந்தார்கள். ஒரு வரியோடு நின்றது. பெண்கள் பக்கம், பாயில், தங்கபுஷ்பம் சித்தி உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில். மூடித் திறந்தது. மூடித் திறந்தது.

இறங்கும்போது ஐயர் மெதுவாகச் சொன்னார். "சாட்சின்னா ஆண்டவருக்கு மகிமை வரணும்மா."

வந்தது என்று நினைக்கிறேன். அவருக்குத் தெரியவில்லை. எல்லோரும் அசனத்துக்குப் போனார்கள். கறிக்குழம்பு போன வருடத்தைவிட நன்றாக இருந்ததாகப் பேசிக்கொண்டார்கள்.

அன்று மதியம் அட்டவணையை அழித்தேன். கோப்பு என் பெயரில் இருந்தது. மாலைக்குள் பதினேழு அழைப்புகள். தேவனைத் தேடி அல்ல. தொடர்ச்சி அறுந்துபோனதற்காக. அடுத்த வாரம் ஜாஸ்மின் அக்கா நோட்டில் கோடு போட்டு ஆரம்பித்துவிட்டதாகக் கேள்வி.

இப்போது திருநெல்வேலியில் வேலை. தினமும் காலையில் வென்டிலேட்டர்களைச் சோதிப்பேன். ஒரு ரப்பர்ப் பையை மாட்டி ஓடவிட வேண்டும். பை உப்பும். தாரும். பை சுருங்கும். ஸ்தோத்திரம். கருவிக்கு ஒரு டிக் போடுகிறேன். எனக்குப் போடுவதில்லை. அந்தச் சில நிமிடங்கள் பக்கத்தில் ஆள் இருப்பது தெரிகிறது. இதற்குமேல் நெருக்கம் பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்ததாகச் சொல்கிறவர்களை நம்புவதில்லை.

இழந்தவை.

நான்காம் மாடி, முழுவதும். தண்ணீர்த் தொட்டி இரண்டு. வென்டிலேட்டர் ஆறில் நான்கு. வரிசை எண்கள் என்னிடம் இருக்கின்றன. அன்று காலை அந்தக் கட்டிடத்தில் ஒன்பது பேர். ஏழு பேரின் பெயர் தெரியும். மீதி இருவரில் ஒருவர் சமையல்காரர், மற்றவரை யாரும் தேடி வரவில்லை.

பெனிட்டா. வயது இருபத்தேழு. போகாத செய்தி ஒன்று. பொய்யாகப் பூசப்பட்ட பச்சைக் கட்டங்கள், எண்ணவில்லை. அவளுடைய பதின்மூன்றாம் நாள், எந்த அட்டவணையிலும் இல்லை.

தங்கபுஷ்பம் சித்தி தலைகுனிந்து உட்கார்ந்திருந்த ஒரு சனிக்கிழமை மாலை.

என் பங்கு: ஒரு வாக்கியம். மாலை 7:40. களைப்பில் சொன்னது. மூன்று சொல்.


அதுக்குக் கட்டம் இல்லட்டி.